படித்தது ஏன் மறக்கிறது, பயம் ஏன் வளர்கிறது: வாசகர் கேள்விகளுக்கு உளவியல் பதில்கள்

மகள் பிளஸ் டூ படிக்கிறாள். உயிரியல் பாடத்தை நான்கைந்து முறை படித்துவிட்டு "எல்லாம் தெரியும்" என்கிறாள். தேர்வில் பாதி மறந்துபோகிறது. ஞாபகசக்தி குறைவா? வல்லாரை கொடுக்கலாமா?
– ஒரு தாய், கும்பகோணம்

ஞாபகசக்திக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை அம்மா. "தெரியும்" என்று அவள் சொல்வதும் பொய்யில்லை. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிப்போகின்றன. பழகியதெல்லாம் தெரிந்ததுபோல இருக்கும். தினமும் பஸ்ஸில் பார்க்கும் ஒருவரின் முகம் நமக்கு நன்றாகத் தெரியும், பெயரைக் கேட்டால் விழிப்போம். தேர்வு கேட்பது பெயரை.

2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பகுதியை ஒரு முறை படித்துவிட்டு, எதையும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை படித்ததே கூடுதலாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்ததில் 56 சதவீதம் நின்றது, படித்ததில் 42 சதவீதம்தான். அதே ஆய்வின் அடுத்த கட்டத்தில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தாம் "எனக்கு நன்றாக நினைவிருக்கும்" என்று அதிக நம்பிக்கையோடு சொன்னார்கள். உங்கள் மகளின் கதையும் இதுதான்.

எனவே ஒரு பாடம் முடிந்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். உதாரணமாக, டி.என்.ஏ. இரட்டிப்பாதலை ஒரு வெற்றுத்தாளில் படம் போட்டு விளக்கட்டும். திணறுவாள், எரிச்சல்படுவாள். அந்தத் திணறலில்தான் பாடம் பதிகிறது என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் "எனக்கு ஒன்றுமே வரவில்லை" என்று பழைய முறைக்கே ஓடிவிடுவாள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையால் நிரப்பட்டும். இரண்டு நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை இதையே செய்யட்டும். படித்தது முதல் சில மணி நேரங்களிலேயே வேகமாகக் கரைகிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் தன்னையே சோதித்து 1885-இல் எழுதிவைத்தார். இடைவெளி விட்டுப் படிப்பது அப்படிக் கரைவதைத் தடுக்கும்.

இரவில் தூங்க விடுங்கள். படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்ளும் நேரம் அது. வல்லாரைத் துவையல் பிடித்தால் சாப்பிடட்டும். மதிப்பெண்ணுக்கு அதை நம்ப வேண்டாம்.

ஒரு பயிற்சி மையத்தில் சோதித்துவிட்டு, என் மகன் "பார்த்துக் கற்கும்" வகை என்றார்கள். அதற்கான காணொளித் தொகுப்புக்குப் பணம் கட்டலாமா?
– ஒரு தந்தை, ஈரோடு

கட்ட வேண்டாம். பிள்ளைகளைப் பார்ப்பவர், கேட்பவர் எனப் பிரித்து அதற்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குப் போதுமான சான்று இல்லை. 2008-இல் அமெரிக்க உளவியலாளர் ஹரால்டு பாஷ்லரும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி இதைத்தான் சொன்னார்கள். இந்திய வரைபடத்தை எல்லோரும் கண்ணால்தான் கற்க வேண்டும், ராகத்தை எல்லோரும் காதால்தான் கற்க வேண்டும். அது பாடத்தைப் பொறுத்தது. "நான் கேட்டுக் கற்கும் ஆள் இல்லை" என்று ஒரு சிறுவன் வகுப்பில் காதை மூடிக்கொண்டால் அது பெரிய இழப்பு.

எதிர்மறை வலுவூட்டல் என்பதும் தண்டனையும் ஒன்றுதானே?
– பி.எட். மாணவர், திருநெல்வேலி

இல்லை. வலுவூட்டல் எதுவானாலும் ஒரு செயல் கூடும், தண்டனையால் குறையும். இங்கே "எதிர்மறை" என்பதற்குக் கெட்டது என்று பொருளில்லை, ஏதோ ஒன்று நீங்குகிறது என்று பொருள். கடையில் குழந்தை மிட்டாய்க்கு அழுகிறது. அம்மா வாங்கித் தருகிறார், அழுகை நிற்கிறது. குழந்தைக்கு மிட்டாய் கிடைத்ததால் அழுவது வலுப்படுகிறது: இது நேர்மறை. அம்மாவுக்கு அழுகைச் சத்தம் நீங்கியதால் வாங்கித் தருவது வலுப்படுகிறது: இது எதிர்மறை. ஒரே நிமிடத்தில் இருவருமே கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஆறு மாதத்துக்கு முன் என் ஸ்கூட்டரை ஒரு லாரி உரசிவிட்டது. பெரிய காயமில்லை. ஆனால் அதன்பின் வண்டியைத் தொடவில்லை. கணவர்தான் அலுவலகத்தில் கொண்டுவிடுகிறார். "மறந்துவிடு" என்கிறார்கள். முடியவில்லை.
– வாசகி, மதுரை

மறக்க வேண்டியதில்லை. மூளை உங்களைக் காக்கத்தான் அதை இவ்வளவு அழுத்தமாகக் குறித்துவைத்திருக்கிறது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சாவியை எடுக்கிறீர்கள், நெஞ்சு படபடக்கிறது. திரும்ப மாட்டிவிடுகிறீர்கள், படபடப்பு அடங்குகிறது. மேலே சொன்ன எதிர்மறை வலுவூட்டலேதான்! ஒவ்வொரு நிம்மதியும், வண்டியைத் தொடாததால்தான் பிழைத்தோம் என்று மனத்துக்குச் சொல்லித்தருகிறது.

முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924-இல் எழுதினார். அவன் பிடித்த உணவைச் சாப்பிடும்போது கூண்டிலிருந்த முயலைத் தொலைவில் வைத்து, சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் அவனே முயலைத் தடவிக்கொடுத்தான். நீங்களும் அப்படியே படிப்படியாகப் போகலாம். முதலில் நிறுத்திய வண்டியில் உட்காருங்கள், பிறகு இன்ஜினை ஓடவிட்டு உட்காருங்கள். அடுத்து, விடியற்காலையில் கணவரைப் பின்னால் அமர்த்தி உங்கள் தெருவில் ஒரு சுற்று. பெரிய சாலை கடைசியில்தான். ஒவ்வொரு படியிலும் படபடப்பு தானாகத் தணியும்வரை இருங்கள். உச்சத்தில் இறங்கி ஓடினால் பயம்தான் ஜெயிக்கும். விபத்து கனவில் வந்து எழுப்பினாலோ, கண்முன் மீண்டும் நடப்பதுபோல் இருந்தாலோ தனியாக முயல வேண்டாம், ஒரு மருத்துவ உளவியலாளரோடு செய்யுங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "ஆம்பளை அழக்கூடாது, தைரியமாக இரு" என்கிறார்கள் உறவினர்கள். இரவில் அழுகை வருகிறது. நான் பலவீனமானவனா?
– வாசகர், வேலூர்

இல்லை. எட்டு மாதமாக ஓர் உயிரைத் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

லாசரஸ், ஃபோக்மேன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1984-இல், நெருக்கடியை மனிதர்கள் இரு வழிகளில் எதிர்கொள்வதாக எழுதினார்கள். ஒன்று பிரச்சினையை மாற்ற முயல்வது. மற்றது அது தரும் வேதனையைக் கையாள்வது. இரண்டும் வேண்டும். உடற்பயிற்சி சிகிச்சைக்கு யார் அழைத்துப்போவது, இரவில் யார் விழித்திருப்பது என்பவை மாற்றக்கூடியவை. அப்பா பழையபடி எழுந்து நடப்பாரா என்பது உங்கள் கையில் இல்லை. அந்தத் துக்கத்துக்குத்தான் அழுகை. அதை அடக்கி வைக்காதீர்கள்.

தைரியம் சொல்லும் உறவினர்களிடம் திட்டமாகக் கேளுங்கள்: "ஞாயிறு மதியம் நான்கு மணி நேரம் அப்பாவோடு இருக்க முடியுமா?" "ஏதாவது உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் யாரும் வர மாட்டார்கள். நாளும் நேரமும் சொன்னால் வருவார்கள். அப்படி வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நான்கு மணி நேரமும் வீட்டு வேலை செய்யாதீர்கள், தூங்குங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமோ பசியோ இல்லாமல் போனால், அல்லது வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணை அழையுங்கள். கட்டணமில்லை, இரவிலும் தமிழில் பேசலாம்.