கேம்பர் டிரெய்லர்: மெத்தையைப் பார்க்கும் முன் எடைத் தகட்டைப் பாருங்கள்

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். நாங்கள் இருவர், 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். 10,000 டாலருக்குள், மண்பாதையிலும் காருக்குப் பின்னால் இழுத்துப் போய் கூடாரமாக விரித்துத் தங்கும் ஓர் ஆஃப்-ரோடு கேம்பர் டிரெய்லர் தேடுகிறோம். விக்டோரியாவின் மலைப்பக்கம் அடிக்கடி போவோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலைக்கும் ஒருமுறை போக ஆசை. எங்கள் எஸ்யூவி 1,500 கிலோ வரை இழுக்கும், டிரெய்லரை மாட்டும் டோ பால் மேல் 150 கிலோ தாங்கும். இந்த விலைக்குப் புதிய ஹார்ட் ஃப்ளோர் (மூடியே விரிந்து கெட்டித் தரையாகும்) டிரெய்லர் ஒன்று பார்த்தோம். தகட்டில் ஏடிஎம் 1,400, டேர் 1,150 என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இழுவைத் திறனுக்குள் அடங்குகிறதே என்று தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டேர் என்பது வெறும் டிரெய்லரின் எடை. ஏடிஎம் என்பது சாமான் எல்லாம் ஏற்றியபின் அது தாண்டக்கூடாத எடை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 250 கிலோதான் உங்கள் பங்கு. 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 80 கிலோ போய்விட்டது. 9 கிலோ எரிவாயு, சிலிண்டரோடு சேர்த்து 18 கிலோ அளவுக்கு வரும். சாப்பாடு அடைத்த சிறிய ஃபிரிட்ஜ் 40 கிலோ, சாதாரண 100 ஆம்பியர் பேட்டரி 30 கிலோ. மீதி 80 கிலோ சொச்சத்தில் நாலு பேரின் துணி, படுக்கை, நாற்காலி, மேசை, பாத்திரம், கருவிகள் எல்லாம் அடங்க வேண்டும். அடங்காது. எடை மீறினால் சட்டச் சிக்கல் ஒரு பக்கம். விபத்தானால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

இன்னொன்று. டோ பால் மேல் விழும் எடை, ஏற்றிய டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால்தான் பின்னால் ஆட்டம் காணாமல் வரும். 1,400 கிலோவுக்கு அது 140. உங்கள் வரம்பு 150. அந்த 140 கிலோவும் உங்கள் காரின் சுமைக் கணக்கில் சேரும் என்பதை விற்பவர்கள் சொல்வதே இல்லை. காருக்குள் நாலு பேர் வேறு இருக்கிறீர்கள்.

அதே பணத்துக்கு, 800 கிலோ டேர் அளவில் பழைய சாஃப்ட் ஃப்ளோர் (கூடாரத்தின் துணித்தரை மண்மேல் விரியும்) டிரெய்லர் தேடுங்கள். விரிக்க அரை மணி நேரமாவது ஆகும், மழையில் மடிப்பது சிரமம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தரை விரிந்தால் பிள்ளைகள் படுக்கத் தாராளமான இடம். சேஸியும் சஸ்பென்ஷனும் உறுதியாக இருக்கும் பழையது, பளபளக்கும் மலிவான புதியதைவிட மேல் என்பதே என் எண்ணம்.

கிப் ரிவர் சாலையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். டெர்பிக்கும் குனுனராவுக்கும் இடையே சுமார் 660 கிலோமீட்டர். பெரும்பகுதி சரளைச் சாலை, வழியில் பென்டகோஸ்ட் ஆற்றைக் கடக்க வேண்டும். ஒரே ஒரு பயணத்துக்காகக் கனத்த டிரெய்லரை வருஷம் முழுக்க இழுக்க வேண்டாம். வறண்ட பருவத்தில் புரூமுக்கு விமானத்தில் போய், நாலு சக்கர இயக்க வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பழையது என்றால் எதை எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பகல் வெளிச்சத்தில் போங்கள், கீழே படுத்துப் பார்க்கத் தயாராகப் போங்கள். முதலில், இழுக்கும் கம்பி உடலோடு சேரும் இடத்து வெல்டிங். அலை அலையாக மேடுபள்ளம் விழுந்த மண்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அதிர்ந்து வந்த டிரெய்லர் பெரும்பாலும் அங்கேதான் விரிசல் விடும். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

சாமான் ஏற்றியபின் 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். டிரெய்லரின் தள்ளுவிசையில் இயங்கும் ஓவர்ரைடு பிரேக் 2,000 கிலோ வரை சட்டப்படி போதும்; ஆனாலும் செங்குத்தான இறக்கத்தில் எலக்ட்ரிக் பிரேக் தரும் பிடி தனி. அதற்கு உங்கள் காரில் கன்ட்ரோலர் பொருத்தும் செலவையும் பேரத்துக்கு முன்பே கூட்டிக்கொள்ளுங்கள். மண்பாதையில் சாதாரண 50 மில்லிமீட்டர் பந்து இணைப்பு போதாது. எல்லாப் பக்கமும் திரும்பிக்கொடுக்கும் ஆஃப்-ரோடு இணைப்பு இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. டயர் தேயாமலே கிழடாகியிருக்கலாம்.

கேன்வாஸை முழுக்க விரிக்கச் சொல்லுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் அப்படியே திரும்பிவிடுங்கள், அது போகாது. எல்லா ஜிப்பையும் இழுத்துப் பாருங்கள். அப்புறம் நீங்களே ஒருமுறை மடித்துக் கட்டிப் பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன், விஐஎன் (VIN) என்ற வண்டி அடையாள எண்ணை வைத்து அரசின் பிபிஎஸ்ஆர் (PPSR) பதிவேட்டில் தேடுங்கள். 2 டாலர்தான். டிரெய்லர் மேல் யாருக்காவது கடன் பாக்கி இருந்தால் அதில் தெரியும். தெரியாமல் வாங்கினால், கடன் கொடுத்தவர் உங்கள் வாசலுக்கு வந்து டிரெய்லரை எடுத்துப் போக முடியும். தனிநபரிடம் வாங்கும்போது தரத்துக்கான நுகர்வோர் உத்தரவாதம் கிடையாது என்பதால், இந்த வேலைகளில் ஒன்றையும் விடாதீர்கள்.

கேள்வி: கடையில் ஆஃப்-ரோடு டிரெய்லர் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். முதல் மண்சாலையிலேயே சஸ்பென்ஷன் பிடிப்பு உடைந்துவிட்டது. "தயாரிப்பாளரிடம் பேசுங்கள்" என்கிறார் விற்றவர்.

பதில்: அப்படித் தட்டிக்கழிக்க அவருக்கு உரிமை இல்லை. ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டப்படி விற்றவரே பொறுப்பு. குறை பெரியதென்றால், பணத்தைத் திரும்பப் பெறுவதா, மாற்று டிரெய்லர் வாங்குவதா என்று முடிவு செய்வது நீங்கள்தான். வாரண்டிக் காலம் முடிந்தாலும் இந்த உரிமை அதோடு முடிவதில்லை. ஆஃப்-ரோடு என்று சொல்லித்தானே விற்றார்? விளம்பரப் படம், குறுஞ்செய்தி, ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். உடைந்த இடத்தைப் படம் எடுத்து, வெளி மெக்கானிக் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள். பிறகு விற்றவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசியில் பேசி நிறுத்திவிடாதீர்கள். பதில் இல்லையென்றால் உங்கள் மாநில நுகர்வோர் அமைப்பு. விக்டோரியாவில் அதன்பின் விகேட் (VCAT) தீர்ப்பாயம். அதுவரை உடைந்த பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள்.