எக்ஸோசோம் ஊசியை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

உங்கள் தங்கைக்கு லூபஸ் (நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்த உடலையே தாக்கும் நோய்) என்றும், எக்ஸோசோம் ஊசி போட்டால் அதற்குச் சாப்பிடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மாத்திரையை நிறுத்த விடாதீர்கள்.

எக்ஸோசோம் என்பது செல்கள் வெளியே தள்ளும் நுண்பை. 30 முதல் 150 நானோமீட்டர் அளவுதான். 1980களில் இதைச் செல்லின் குப்பைப்பை என்றே நினைத்தார்கள். நோய் எதிர்ப்பு அமைப்பின் பி செல்கள் வெளியிடும் எக்ஸோசோம்கள், அதே அமைப்பின் டி செல்களைத் தூண்டுகின்றன என்று 1996இல் தெரிந்த பிறகுதான் மதிப்பு வந்தது. குப்பையல்ல, தபால் உறை: உள்ளே புரதங்களும், மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்என்ஏ என்ற சிறு மூலக்கூறுகளும் இருக்கும்.

லூபஸில் இந்தத் தபாலும் வம்பு செய்கிறது. நோயாளியின் ரத்தத்திலுள்ள எக்ஸோசோம்கள் சுமந்துவரும் மைக்ரோ ஆர்என்ஏ, டென்ட்ரிடிக் செல்கள் எனும் நோய் எதிர்ப்புக் காவல் செல்கள் சிலவற்றுக்குள் புகுந்து டிஎல்ஆர்7 என்ற உணர்வியைத் தட்டுகிறது. வைரஸ் நுழைந்துவிட்டது என்று எண்ணி அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற அபாய அறிவிப்புப் புரதத்தைக் கொட்டுகிறது. (வந்ததோ சொந்த வீட்டுக் கடிதம்!) அழற்சி ஓயாமல் எரிவதற்கு இதுவும் ஒரு காரணம். தங்கை நிறுத்த நினைக்கும் மாத்திரை மட்டுப்படுத்துவது இதே டிஎல்ஆர்7 பாதையைத்தான்.

ஊசியில் இருப்பது பெரும்பாலும் ஸ்டெம் செல்கள் (வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) வெளியிடும் எக்ஸோசோம். எலிகளில் நல்ல பலன் தெரிந்தது உண்மை. ஆனால் அங்கீகாரம் பெறாத எக்ஸோசோம் தயாரிப்புகள் குறித்து அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019 டிசம்பரில் எச்சரிக்கையே வெளியிட்டது.

இது பதிவுசெய்த மருத்துவ ஆய்வா, பதிவு எண் என்ன என்று கிளினிக்கில் கேளுங்கள். ஆய்வு என்று சொல்லிப் பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.