நுண்ணளவு அறிவியல் பெட்டி என்றால் என்ன? ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளிக்கு அது உதவுமா?

கண்ணாடிக் குடுவைகளுக்குப் பதிலாகக் குழிகள் கொண்ட சிறு பிளாஸ்டிக் தட்டு, சொட்டுக்குழாய், ஊசியில்லாத சிரிஞ்சு ஆகியவற்றைக் கொண்டு, ஆய்வுக்கூடம் இல்லாத வகுப்பறையிலும் சில சொட்டு வேதிப்பொருளிலேயே சோதனை செய்ய உதவும் மலிவான கருவித் தொகுப்பே நுண்ணளவு அறிவியல் பெட்டி. நம் தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராட்மாஸ்டே மையம் உருவாக்கிய இத்தகைய பெட்டிகள், யுனெஸ்கோ வழியாகப் பிற நாடுகளுக்கும் சென்றன.

சொட்டுகள் போதுமா என்ற ஐயம் இயல்பானது. ஆனால் நிறம் மாறுவதும் வீழ்படிவு (கரைசலில் கரையாமல் பிரியும் திடப்பொருள்) தோன்றுவதும் கரைசலின் தன்மையையும் செறிவையும் பொறுத்தவையே தவிர, அது எத்தனை லிட்டர் என்பதைப் பொறுத்தவை அல்ல. ஒரு குழியில் ஐந்து சொட்டு காப்பர் சல்பேட் கரைசலை விட்டு, அதில் இரண்டு சொட்டு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால், பெரிய குடுவையில் காணும் அதே நீல வீழ்படிவு கண்முன்னே திரளும். ஒரு பானை ரசத்துக்கு உப்புப் பார்க்க, உள்ளங்கையில் விட்ட ஒரு சொட்டு போதுமல்லவா?

விலை மலிவு என்பதைவிட, ஒவ்வொரு மாணவரும் தம் கையாலேயே செய்ய முடிகிறது என்பதே இதன் பெரும்பயன் என்பேன். டர்பன் நகரிலோ அதன் சாட்ஸ்வொர்த் பகுதியிலோ கற்பிக்கப் போகும் ஆசிரியர், பயிற்சிக் காலத்தில் முன்மேசையில் ஒருவர் செய்துகாட்டும் சோதனையை வேடிக்கை மட்டும் பார்த்திருந்தால், பின்னாளில் தம் வகுப்பையும் வேடிக்கை பார்க்கவே வைப்பார்.

அளவு குறைவு என்பதால் ஆபத்தே இல்லை என்று பலர் கருதுகின்றனர்; அது தவறு. சோடியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு தெறித்தாலும் கண்ணைப் புண்ணாக்கும் என்பதால், பாதுகாப்புக் கண்ணாடி இங்கும் கட்டாயம்.