வருமான வரி போய்விடும் என்று ரோத்துக்கு மாற வேண்டாம்

வணக்கம். ‘அமெரிக்காவில் வருமான வரியை எடுத்துவிட்டு இறக்குமதி வரி மட்டும் வைப்பார்களாம், 401 கே-யை விட்டு ரோத்துக்கு மாறட்டுமா?’ என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இரண்டும் ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்குகள்தான்: வழக்கமான 401 கே-யில் கம்பெனி வழியாக வரி பிடிக்காத சம்பளப் பணத்தைப் போட்டு, எடுக்கும்போது வருமான வரி கட்டுவோம்; ரோத்தில் வரி கட்டிய பணத்தைப் போட்டு, ஓய்வில் வரியில்லாமல் எடுப்போம்.

2024 நிதியாண்டில் தனிநபர் வருமான வரியாக அரசுக்கு வந்தது சுமார் 2.4 லட்சம் கோடி டாலர். சுங்க வரி, அதாவது இறக்குமதி வரி, சுமார் 7,700 கோடிதான். வெளியிலிருந்து வரும் மொத்தச் சரக்கின் மதிப்பே சுமார் 3.3 லட்சம் கோடி. வருமான வரியை ஈடுகட்ட அந்தச் சரக்கின் மீது 70 சதவீதத்துக்கு மேல் வரி போட வேண்டும். 100 டாலருக்கு வந்து இறங்கும் செருப்பு 170 ஆனால் எத்தனை பேர் வாங்குவார்கள்? சரக்கு குறைந்தால் வரியும் குறையும். 1913-க்கு முன் சுங்க வரி பெரிய வருமானமாக இருந்தது உண்மைதான். ஆனால் அன்றைக்கு அரசு ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டியும் இல்லை, முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரும் இல்லை.

அப்புறம், அப்படியே நடந்தாலும் நஷ்டம் ரோத்துக்குத்தான். இப்போது வரி கட்டிப் போட்ட பணத்தை, பின்னால் விலையேறிய கடையிலும் கொடுப்பீர்கள். 401 கே-காரர் வரியில்லாமல் எடுப்பார்.

வருமானத்துக்கேற்ப விகிதம் ஏறும் ஏழு வரிப்படிகளை இரண்டு மூன்றாகக் குறைத்தால் நான் மனதார வரவேற்பேன். அது வேறு பேச்சு. இப்போதைக்கு உங்கள் கம்பெனி சேர்த்துப் போடும் பங்கு முழுதாகக் கிடைக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வரிப்படி 12 சதவீதமா, 24-ஆ? சொன்னால் ரோத் பற்றி மேலே பேசலாம்.