காப்பீட்டு அட்டை இருந்தும் மருந்துச் செலவு குறையாதது ஏன்?

கேள்வி (வாசகர், உசிலம்பட்டி): எங்கள் குடும்பத்திற்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆனாலும் அம்மாவின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு மாதந்தோறும் கையிலிருந்துதான் பணம் போகிறது. அன்றாடச் செலவைக் குறைக்காத திட்டத்தால் என்ன பயன்?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. அந்த அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. இதயத்திலோ சிறுநீரகத்திலோ பெரிய கோளாறு வரும்போது, நிலத்தையும் நகையையும் அடகு வைக்காமல் ஒரு குடும்பத்தைக் காக்கிறது என்பதால் அதைப் பயனற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாதம் தவறாமல் வாங்க வேண்டிய மாத்திரையின் விலையைக் குறைப்பது காப்பீட்டின் வேலை அன்று.

அந்த வேலையைச் செய்து காட்டியது, 1994-இல் உருவாக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தேவையான மருந்துகளை ஒன்றாகத் திரட்டி, நிறுவனப் பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப் பெயரில் ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்குவதால், தனித்தனியாக வாங்கும் எவருக்கும் கிடைக்காத விலை அதற்குக் கிடைக்கிறது. வந்த மருந்தின் மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்த பிறகே மாவட்டக் கிடங்கிலிருந்து வெளியே அனுப்புகிறார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புத்தகம் உண்டு. தனக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்குள் தேவைக்கேற்ப மருந்தை எடுத்துக்கொள்ளலாம். இந்த முறையைப் பார்த்துப் பிற மாநிலங்களும் இதேபோன்ற கழகங்களை அமைத்தன. கேரளமும் இராஜஸ்தானும் அவற்றுள் அடங்கும்.

ஆகவே, உங்கள் அம்மாவை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்; மாத்திரைகள் விலையின்றிக் கிடைக்கும். நடக்க இயலாதவர் என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிற்கே கொண்டுவந்து தருவார்கள். அரசிடம் நான் கேட்பது ஒன்று உண்டு. இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறவர் அன்றே தனியார் மருந்துக்கடையில் நின்றாக வேண்டும். எந்த நிலையத்தில் எந்த மருந்து எத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்பதை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

கேள்வி (வாசகர், மேலூர்): செலவைக் குறைத்தால் சிகிச்சையின் தரமும் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: மதுரைக்காரர்கள் இந்தக் கேள்விக்கு விடை தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், அறுவை மருத்துவர் தாம் மட்டுமே செய்யக்கூடிய பகுதியைச் செய்கிறார். நோயாளியை ஆயத்தப்படுத்துவது முதல் மற்றப் பணிகளைச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் செய்கிறார்கள். அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களையும் பார்வை எவ்வளவு திரும்பியது என்பதையும் தொடர்ந்து பதிவு செய்து, அதைக்கொண்டே முறையைத் திருத்துகிறார்கள். கண்புரை நீக்கிய கண்ணில் பொருத்தும் இறக்குமதி விழிலென்சின் விலை எளியவர்களுக்கு எட்டாமல் இருந்தபோது, 1992-இல் அரவிந்தின் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் இங்கேயே லென்ஸ் தயாரிக்கத் தொடங்கியது. விலை பல மடங்கு இறங்கியது.

இருந்தாலும், கண்புரை அறுவை என்பது முன்கூட்டியே நாள் குறித்துச் செய்யக்கூடியது. விபத்தில் அடிபட்டு நள்ளிரவில் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு வருபவருக்கும், சிக்கலான பிரசவத்திற்கும் இதே ஏற்பாட்டை அப்படியே பொருத்த முடியாது. அங்கே போதிய செவிலியர்களும் இரவுப் பணி மருத்துவர்களும் இல்லாமல் தரம் வராது; அதற்குப் பணம் செலவழித்தே ஆக வேண்டும். வீணான செலவைக் குறைப்பதும் தேவையான செலவை மறுப்பதும் வேறு வேறு என்பதைக் கொள்கை வகுப்பவர்கள் மறந்துவிடக் கூடாது.

கேள்வி (வாசகர், திருமங்கலம்): அப்பாவுக்கு முழங்கால் மூட்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். அரசு விலை வரம்பு இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது. இதய ஸ்டென்டுக்கு (அடைபட்ட இரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) 2017 பிப்ரவரியிலும், செயற்கை முழங்கால் மூட்டுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை விதித்தது. ஆனால் அந்த வரம்பு மூட்டுக்கருவிக்கு மட்டுமே. அறை வாடகை, அறுவை அரங்கக் கட்டணம், பரிசோதனைகள் ஆகியவற்றிற்கு அன்று. ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்க இடம் இருப்பதால், முழுச் சிகிச்சைக்கும் சேர்த்து எழுத்தில் மதிப்பீடு வாங்கிக்கொள்ளுங்கள். கருவியின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், விலை ஆகியவை பில்லில் தனியாகக் குறிப்பிடப்பட வேண்டும். சேர்வதற்கு முன்பே, அந்த மருத்துவமனை காப்பீட்டுத் திட்டத்தில் இணைந்திருக்கிறதா, இந்த அறுவைக்கு அங்கே அனுமதி உண்டா என்று அதன் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதி செய்யுங்கள்.