1960களில் 250 சிசி ரேஸ் பைக்கில் ஹோண்டா ஏன் ஆறு சிலிண்டர் வைத்தது?

டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களைத் துரத்திப் பிடிக்கத்தான்.

1961ல் 125, 250 இரண்டு உலகப் பட்டமும் ஹோண்டாவுக்கு. அதே செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்துக்கு வந்த கிழக்கு ஜெர்மனி வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஊர் திரும்பவில்லை. அவர் ஓட்டிவந்த எம்இசட் பைக் கம்பெனியின் டூ-ஸ்ட்ரோக் வித்தையோடு சுசூகியில் போய்ச் சேர்ந்தார். வித்தையில் பாதி சைலன்சரில் இருந்தது. நடுவில் வயிறு பெருத்து, பின்னால் குறுகும் குழல். தப்பி வெளியேறும் புதுப் பெட்ரோல் கலவையை, திரும்பி வரும் அழுத்த அலை சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். 1962ல் 50 சிசி பட்டம் சுசூகிக்கு. 1964ல் யமஹாவின் ஃபில் ரீட் 250 பட்டத்தையும் பறித்துக்கொண்டார்.

டூ-ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும், ஹோண்டாவின் ஃபோர்-ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். ஈடுகட்ட வேண்டுமென்றால் வெறித்தனமாகச் சுற்ற வேண்டும். பெரிய பிஸ்டன் அதைத் தாங்காது. அதனால் 250 சிசியை ஆறாகப் பங்குபோட்டார்கள்: ஆளுக்கு 41 சிசி சொச்சம், நாலு குட்டி வால்வு. எஞ்சினை வடிவமைத்த இரிமாஜிரிக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயதுதான்!

இதன் தேர்ந்த வடிவமான ஆர்சி166, 18,000 ஆர்பிஎம்மில் சுமார் 60 குதிரைத்திறன் தந்தது. விநாடிக்கு 300 சுற்று. ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 150 தடவை திறந்து மூட வேண்டும். வால்வு கொஞ்சம் கனமாக இருந்தாலும், ஸ்பிரிங் அதை உட்கார வைப்பதற்குள், வால்வைத் தள்ளித் திறக்கும் கேம் அடுத்த முறை தள்ள வந்துவிடும். குட்டி வால்வு எதற்கு என்பது இப்போது புரியும்.

1964ல் இத்தாலியின் மோன்சாவில் இந்த ஆறு சிலிண்டர் பைக்கை முதன்முதலாக இறக்கியபோது, பயிற்சியில் இரண்டு சைலன்சரைக் கழற்றிவிட்டு நாலு சிலிண்டர் போலக் காட்டி ஏமாற்றினார்கள் என்று ஒரு கதை உண்டு. பந்தயத்தில் எஞ்சின் சூடேறி, ஹோண்டா வீரர் ஜிம் ரெட்மேன் மூன்றாவதாகத்தான் வந்தார். 1966ல் மைக் ஹெயில்வுட் ஏறினார். 250 பிரிவில் ஓட்டிய பத்துப் பந்தயமும் அவருக்கே.

1967 சீசனோடு ஹோண்டா ஒதுங்கிக்கொண்டது. அப்புறம் 250க்கு இரண்டு சிலிண்டர்தான் என்று விதியே வந்துவிட்டது. எனக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

யூடியூபில் இந்த ஆறு சிலிண்டர் பைக்கைக் கிளப்பும் வீடியோக்கள் இருக்கின்றன, ஹெட்போனில் கேளுங்கள். மெக்கானிக் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருப்பார். கையை எடுத்தால் அணைந்துவிடும்.