ஃபார்ஈச்சுக்குள் அவெய்ட் போட்டால் காத்திருக்காது

வணக்கம். ஜாவாஸ்கிரிப்டில் ஃபார்ஈச்சுக்குள் (forEach, பட்டியலின் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டுவது) ஒவ்வொரு ஆர்டருக்கும் அவெய்ட் (await, பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்வது) போட்டு வாடிக்கையாளர் விவரத்தை எடுத்து அரேயில் (பட்டியலில்) சேர்க்கிறீர்கள்; ஆனால் காலி அரேதான் பதிலாகப் போகிறது என்கிறீர்கள். தரவுத்தளத்துக்கு அனுப்பும் உங்கள் குவெரியில் தப்பே இல்லை. அவெய்ட் உள்ள அசிங்க் (async) ஃபங்ஷன் திருப்பித் தரும் பிராமிஸை (பின்னால் வரப்போகும் பதிலுக்கான பொருளை) ஃபார்ஈச் கண்டுகொள்வதில்லை. தரவுத்தளம் பதில் சொல்லும் முன்பே அடுத்த வரி ஓடிவிடுகிறது.

ஃபார்ஈச்சுக்குப் பதில் மேப் (map, ஒவ்வொன்றின் முடிவையும் புது அரேயாகத் தருவது) போட்டு, வரும் பிராமிஸ்களை பிராமிஸ்.ஆலுக்குக் (Promise.all, எல்லாம் முடியும்வரை காத்திருப்பது) கொடுத்து அவெய்ட் செய்தால் விவரம் வந்துவிடும். ஆனால் தயவுசெய்து அதோடு நிறுத்தாதீர்கள். 200 ஆர்டர் இருந்தால், ஆர்டர்களை எடுக்க ஒன்று, ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒன்று என 201 குவெரி ஓடும். நோட்-போஸ்ட்கிரெஸ் (போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பேச உதவும் நூலகம்) வைத்திருக்கும் பூலில், அதாவது இணைப்புத் தொகுப்பில், நீங்கள் மாற்றாதவரை 10 இணைப்புதான். மற்றவை வரிசையில் நிற்கும்.

வாடிக்கையாளர் ஐடிகளை மட்டும் திரட்டி, செட்டில் (Set, ஒரே மதிப்பை இருமுறை வைக்காத தொகுப்பு) போட்டு இரட்டிப்பை நீக்குங்கள். அப்புறம் 'இன்' (IN, அடைப்புக்குள் தரும் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் எடுப்பது) நிபந்தனையோடு ஒரே குவெரி. கேட்ட வரிசையிலேயே பதில் வரும் என்று நம்ப வேண்டாம். ஐடியைச் சாவியாக வைத்து ஒரு ஆப்ஜெக்டில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஆர்டருக்கும் அதிலிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டரே இல்லாத நாளில் குவெரியை ஓட்டாதீர்கள். 'இன்' அடைப்புக்குள் ஒன்றும் இல்லையென்றால் போஸ்ட்கிரெஸ் சின்டாக்ஸ் எரர் (இலக்கணப் பிழை) கொடுக்கும்.